வீடு காட்டாத தெரு

ஏட்டு ரகுபதி எங்கள் தெருவுக்கு முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணிக்கு. நான் வாசலில் உட்கார்ந்து அடிப்பிடித்த குக்கரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு நடந்து வந்திருக்கிறார் என்பது அவர் சட்டை நனைந்திருந்ததிலேயே தெரிந்தது. கையில் மடித்த தாள் ஒன்று.

"ஏத்தா, நாகப்பன் மக செந்தாமரை வீடு இதுதானா?"

நாகப்பன் என் அப்பா. செந்தாமரை என் அக்கா. நான் எழுந்து நின்றேன். சோப்பு நுரை முழங்கையிலிருந்து சொட்டியது.

"இல்ல சார்."

"பக்கத்துல எங்கயாச்சும்?"

"அப்படி யாரும் இந்தத் தெருவுலயே இல்ல சார்."

வெளியாள் ஒருவரிடம் நான் இவ்வளவு நீளமாகப் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிடும்போதுகூட என் குரல் டீச்சர் வரைக்கும் போகாது; வந்த நாளிலும் ஆப்சென்ட் விழும். பத்தாவதோடு நின்றதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அன்றைக்குப் பொய் மட்டும் தடங்கலில்லாமல் வந்தது. ஏட்டு என்னைப் பார்த்தார். திறந்திருந்த கதவு வழியாக என் தலைக்கு மேல் எதையோ பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"சரித்தா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

எங்கள் வேலன்கண்டிகையில் போலீஸுக்கு வீடு காட்டும் வழக்கம் இல்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஏரி மண்ணை அள்ளிய லாரிகள் எங்கள் தெரு வழியாக ஓடின. சுவரெல்லாம் விரிசல் விட்டது. ஒருநாள் ஊரே தெருவில் உட்கார்ந்து லாரியை மறித்தது. இரண்டு நாள் கழித்துச் சாதாரணச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். சிரித்துச் சிரித்துப் பேசினார். ரேஷன் கார்டு சரிபார்க்கிறோம், இன்னார் வீடு எது என்று கேட்டார். தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் சரோஜா அத்தை கரண்டியை நீட்டி நீட்டி ஒன்பது வீட்டைக் காட்டினார். அவர் தட்டில் இரண்டு இட்லி கூடுதலாகவும் வைத்தார். மறுநாள் பொழுது விடியும்போது வேன் வந்து அந்த ஒன்பது வீட்டு ஆண்களையும் ஏற்றிக்கொண்டு போனது. அதில் என் அப்பா ஒருவர். அத்தையின் கூடப்பிறந்த அண்ணன் ஒருவர். பதினேழு நாள் கழித்து ஜாமீனில் வந்தார்கள். வழக்கு ஆறு வருஷம் இழுத்து, குற்றமில்லை என்று முடிந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது. அப்பாவின் ஒரு செருப்பு மட்டும் வாசலில் கிடந்தது. மற்றொன்று வேனோடு போய்விட்டது.

அதற்குப் பிறகு காக்கிச் சட்டையைக் கண்டாலே எங்கள் தெருவில் எல்லோருக்கும் "இல்லை" என்றுதான் வாய் வரும். இதில் சரோஜா அத்தைதான் எல்லோரையும்விடக் கறார். கொரியர்காரர்களே அவரிடம் வழி கேட்கப் பயப்படுவார்கள். புதிதாக வந்த தபால்காரரை மூன்று நாள் சுற்றவிட்டவர் அவர்.

அன்று சாயங்காலம் குழாயடியில் இதுதான் பேச்சு.

"இன்னாடி ஜோதி, ஏட்டு வந்துட்டுப் போனாரே தெரியுமா?" என்று அத்தை என் அம்மாவிடம் கேட்டார். "யாரு வூடோ கேக்கத்தான் வாயத் தொறந்தாரு. பேரு வெளிய வர்றதுக்குள்ள இல்லன்ட்டேன்."

பஞ்சர் கடை காசிராஜன் மாமா தண்ணீர் பிடிக்க வரவில்லை, கதை கேட்க வந்திருந்தார். "என்னையும் கேட்டாரு. நான் வெளியூரு சார்னுட்டேன்."

"யோவ், நீ பொறந்ததே அந்தக் கடைக்குப் பின்னாலதான்."

"அது அவருக்கு எப்டித் தெரியும்? நெத்தியிலயா எழுதி ஒட்டிக்கீது?"

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணிப் பார்த்தால், என்னையும் சேர்த்துப் பதினான்கு பேரைக் கேட்டிருந்தார். மற்ற பதின்மூன்று பேரும் பேரை முழுதாகக் கேட்பதற்கு முன்பே இல்லை என்றிருந்தார்கள். எனக்குக் குறுக்கே பேசத் தெரியாது. அதனால் நான் மட்டும் கேட்டிருந்தேன்.

வீட்டில் சொல்லவில்லை. அப்பா ஒரகடம் பக்கம் ஒரு கிடங்கில் செக்யூரிட்டி. யூனிபார்ம் நீல நிறம் என்பதால்தான் அந்த வேலைக்கே ஒத்துக்கொண்டார். வேலைக்குப் போகும்போது ஸ்டேஷன் வாசலைத் தாண்ட வேண்டியிருக்கும் என்று மூன்று கிலோமீட்டர் சுற்றிச் சைக்கிள் மிதிப்பவர். அவரிடம் எப்படிச் சொல்வது? அக்காவைக் காப்பாற்றிவிட்டேன், போதும் என்று இருந்துவிட்டேன். எதிலிருந்து காப்பாற்றினேன் என்று யோசிக்கவில்லை.

அக்கா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான்கு வருஷமாகக் காண்ட்ராக்ட் வேலை செய்கிறாள். போன மாதம் அவள் லைனில் ஆறு பேரை நிரந்தரமாக்கப்போவதாகச் சொன்னார்கள். அவளும் அதில் ஒருத்தி. போலீஸ் சான்று ஒன்று மட்டும் சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்: வழக்கு எதுவும் இல்லை, சொன்ன முகவரியில்தான் குடியிருக்கிறாள் என்று. பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்துவிட்டு வந்து, "எல்லாம் ஆன்லைன்தான், போனுக்கு மெசேஜ் வரும்" என்றாள். மெசேஜுக்கு முன்னால் ஒரு மனிதர் வருவார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியவள், கழுத்திலிருந்த அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"அஞ்சு பேருக்கும் வந்துச்சும்மா. எனக்கு மட்டும் இன்னும் விசாரணையில கீதுன்னு காட்டுது. சனிக்கிழமைக்குள்ள குடுக்கலன்னா அடுத்த லிஸ்டுதான்றாரு எச்.ஆர். அது எப்போ சார்னு கேட்டா சிரிக்கிறாரு."

"கவர்மென்டு வேலை, லேட்டாவும்டி" என்றாள் அம்மா.

"லேட்டில்ல. அவங்க எல்லாரும் எனக்கு அப்பறம் போட்டவங்க." அக்கா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்பா கேஸுதான். வேற இன்னாவா இருக்கும்?"

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. "அது முடிஞ்சிபோன கேஸும்மா" என்றார். "பேப்பர் வச்சிக்கிறேனே." கையைக் கழுவாமலே எழுந்துபோய் பீரோ மேலிருந்த ரெக்சின் பையை எடுத்தார். பிளாஸ்டிக் உறைக்குள் தீர்ப்பு நகல் இருந்தது. உறையில் சாம்பார் பட்டுவிட்டது. வேட்டி நுனியால் துடைத்தார். கறை போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போலீஸ் வந்தாங்க" என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை.

"செவ்வாக்கிழம போலீஸ் வந்தாங்க. அக்கா பேரச் சொல்லிக் கேட்டாங்க. அப்படி யாரும் இல்லன்னு நான்தான் சொன்னேன்."

இந்த முறை கேட்டுவிட்டது. அக்கா அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் போனை எடுத்துத் தேடினாள். செவ்வாய்க்கிழமை காலை, அது கம்பெனி லாக்கரில் கிடந்த நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள்.

"லோனு வேணுமான்னு கேக்கறவன்னு நெனச்சி பிளாக் பண்ட்டேன்" என்றாள். போனைக் கீழே வைத்தாள். "நீ ஆளே இல்லன்ன. நான் நம்பர பிளாக் பண்ணேன். நல்ல குடும்பம்டி நம்முது."

அப்பா பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அரை மணி நேரத்தில் விஷயம் தெருவெல்லாம் பரவியது. சரோஜா அத்தை அடுப்பை அணைத்துவிட்டு மாவுக்கையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"நம்ம தாமரையவா கேட்டாரு? நான் பேரே கேக்கலியேடி" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்து, "அன்னிக்குக் காட்டிக் கெடுத்தேன். இன்னிக்குக் காட்டாம கெடுத்தேன். என் வாய இன்னா பண்ணலாம் சொல்லு" என்றார்.

"ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லணும் அத்த" என்றாள் அக்கா.

அந்தப் பதினேழு நாளுக்குப் பிறகு எங்கள் தெருவிலிருந்து யாரும் தானாக ஸ்டேஷனுக்குள் போனதில்லை. வண்டி திருடு போனபோதுகூடக் காசிராஜன் மாமா போகவில்லை.

"இல்லன்னு சொன்னவங்கதான் போவணும்" என்றார் அத்தை கடைசியில். "காலையில வியாபாரத்த முடிச்சிட்டு வர்றேன். யோவ் காசி, நீயும் வர்ற. மஞ்சு, நீயும்தான்."

வெள்ளிக்கிழமை அக்கா லீவு போட்டாள். நாங்கள் நான்கு பேரும் ஷேர் ஆட்டோவில் போனோம். அப்பா சைக்கிளில் வருவதாகச் சொன்னார். ஸ்டேஷன் வாசலில் பிடித்து வைத்த வண்டிகள் துருப்பிடித்து நின்றன, சக்கரங்களுக்கு நடுவே புல் முளைத்து. மாமா ஒவ்வொரு டயராகப் பார்த்துக்கொண்டே வந்தார். "எல்லாம் பஞ்சரு" என்றார் மெல்ல.

முன் மேஜையில் இருந்த பெண் போலீஸ் நிமிர்ந்தார். "இன்னா? யார் மேல கம்ப்ளைன்ட்?"

"எங்க மேலதாம்மா" என்றார் அத்தை.

உள்ளே ஏட்டு ரகுபதி ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் பேனாவை மூடினார். அவர் மதுரைப் பக்கத்து ஆள் என்பது பேசும்போதே தெரிந்தது.

"வாங்க, வாங்க. ஆளே இல்லாத ஊருல இருந்து ஆளுக வந்திருக்கு." மாமாவைப் பார்த்தார். "வெளியூர்க்காரரே, நீங்களுமா?"

மாமா தரையில் எதையோ தேடினார்.

அக்கா முன்னால் போனாள். "சார், நான்தான் செந்தாமரை."

"தெரியும்மா. உன்னயச் செவ்வாக்கிழமையே பாத்துட்டேனே. இந்தப் பிள்ள தலைக்கு மேல தொங்கிக்கிட்டு இருந்த."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வருஷம் கம்பெனியில் அக்காவுக்குச் சிறந்த ஆபரேட்டர் என்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அம்மா அதைச் சட்டம் போட்டு, வாசலிலிருந்து பார்த்தாலே தெரிகிற மாதிரி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்தாள். போட்டோ, பேர் எல்லாம் பெரிதாக இருக்கும்.

"அதுக்குக் கீழ நின்னுக்கிட்டு அப்படி யாருமே இல்லங்குது" என்றார் ஏட்டு. "ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி வேற. ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கல."

"இப்ப இன்னா சார் எழுதியிருக்கீங்க?" என்றாள் அக்கா. என் கையைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

ஏட்டு கோப்பிலிருந்து தாளை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி வைத்தார். 'வீடு பூட்டியிருந்தது. மறுபடி விசாரிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தது.

"ஆள் இல்லன்னு எழுதுனா ஓம் வேலை போச்சு. இருக்குன்னு எழுத சாட்சி வேணும். பதினாலு பேரு இல்லங்குறீக. சட்டம் போட்ட போட்டோ ஒண்ணு மட்டும் இருக்குங்குது. அது வந்து கையெழுத்துப் போடுமா?"

நான் மூச்சு விட்டேன். முந்தின நாளிலிருந்து அதை எங்கே வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. அக்கா என் தோளில் சாய்ந்து அழுதாள். சிரிப்பும் அதோடு வந்தது.

"நாளைக்குக் கடைசி நாளு சார்."

"இன்னைக்கே நாலு மணிக்கு வாரேன். வீட்டுல வந்து பாக்கணும், அக்கம்பக்கத்துல ரெண்டு பேரு கையெழுத்துப் போடணும். ஆனா ஒண்ணு. தெருவுல நான் வழி கேப்பேன். யாராச்சும் வீட்டைக் காட்டணும்."

"உங்களுக்குத்தான் வூடு தெரியுமே சார்" என்றார் மாமா.

"தெரியும். பதினாலு தடவ இல்லன்னு கேட்ட காது இது. ஒரு தடவ இருக்குன்னும் கேட்டுக்கிறட்டுமே."

அத்தை சிரிக்கவில்லை. "பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தரு இப்டித்தான் கேட்டாரு சார். நான் காட்டினேன்." ஒன்பது வீட்டையும், வேனையும், அண்ணனையும் பற்றி நாலே வார்த்தையில் சொல்லி முடித்தார்.

ஏட்டு அந்தத் தாளைத் திரும்பக் கோப்பில் வைத்தார். "அப்ப நான் இங்க இல்லக்கா" என்றார். பிறகு, "இருந்திருந்தா என்னையத்தான் அனுப்பியிருப்பாக. அதையும் சொல்லணும்ல" என்றார்.

வெளியே வந்தபோது அப்பா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். ரெக்சின் பை ஹேண்டில்பாரில் தொங்கியது.

"கேஸப் பத்தி இன்னா கேட்டாங்க?"

"யாருமே கேக்கலப்பா" என்றாள் அக்கா. "உன் பேரக்கூட எடுக்கல. நான்தான் தப்பா சொல்ட்டேன்."

அப்பா தலையாட்டினார். பையை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சைக்கிளில் ஏறி, ஸ்டேஷன் வாசல் வழியாகவே நேர் ரோட்டில் வேலைக்குப் போனார். நாங்கள் ஆட்டோவில் ஏறும்வரை அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒருமுறைகூட அவர் வேகமாக மிதிக்கவில்லை.

நாலு மணிக்கு முன்பே தெருவில் எல்லோருக்கும் வாசலில் வேலை வந்துவிட்டது. பெருக்கிய வாசலையே பெருக்கினார்கள். மாமா கழற்றிய டியூபைத் திரும்பத் திரும்பத் தண்ணீரில் அமுக்கிக்கொண்டிருந்தார். மோட்டார் சைக்கிள் வந்து இட்லிக்கடை முன்னால் நின்றது.

"யக்கா, நாகப்பன் மக செந்தாமரை வீடு எது?"

அத்தை கையில் கரண்டியோடு நின்றார். வாய் திறந்தது, மூடியது. நான் எங்கள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். 'இல்லை' என்று வந்துவிடுமோ என்று தெருவில் இறங்கினேன். அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"எதுக்குக் கேக்கறீங்க?"

தெருவில் விளக்குமாறுகள் நின்றன. ஏட்டும் ஒரு கணம் திகைத்துப் போனார். பிறகு சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினார். "அந்தப் பிள்ளைக்கு வேலைக்குச் சான்று குடுக்க. படிச்சுப் பாருங்க."

"மஞ்சு" என்று அத்தை கூப்பிட்டார். "இங்க வா. இன்னா எழுதிக்கீதுன்னு படி."

நான் போனேன். தாளை வாங்கினேன். அக்காவின் பேர், அப்பாவின் பேர், கதவு எண், காரணம் என்று படித்தேன்.

"ஒண்ணும் கேக்கல" என்றார் மாமா எதிர்க்கடையிலிருந்து.

மறுபடி முதலிலிருந்து படித்தேன், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி. எனக்கே அது வேறு யாருடைய குரலோ என்றிருந்தது.

"சரி, வாங்க" என்றார் அத்தை. கையை நீட்டிக் காட்டவில்லை. கடையை விட்டு இறங்கி, ஏட்டுக்கு முன்னால் நடந்தார். பின்னால் மாமா. அவருக்குப் பின்னால் தெரு.

வீட்டுக்கு வந்ததும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். ஏட்டு முழுதையும் குடித்துவிட்டுச் சட்டம் போட்ட போட்டோவைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "ரெண்டும் ஒரே ஆளுதான்" என்று எழுதத் தொடங்கினார்.

அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்த அப்பாவிடம் கையெழுத்துக் கேட்டபோது அவர் பேனாவை வாங்கவில்லை. அன்றைக்கு வேனில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். "எல்லாம் எழுதியாச்சா சார்?" என்று கேட்டார்.

ஏட்டு அவர் முகத்தைப் பார்த்தார். மேலும் எதுவும் கேட்காமல், எழுதியதற்குக் கீழே மிச்சமிருந்த வெற்றிடத்தில் மேலிருந்து கீழ்வரை குறுக்காக ஒரு கோடு போட்டார், இனி யாரும் ஒரு சொல்கூடச் சேர்க்க முடியாதபடி. பிறகு தாளை அப்பா பக்கம் திருப்பினார்.

அப்பா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார்.

சாட்சிக்கு இரண்டு பேர் போதும். ஏழெட்டுக் கைகள் நீண்டன. அத்தை போட்டார். அடுத்ததாக மாமா பேனாவைப் பிடித்தார்.

"வெளியூர்க்காரரு சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாதே" என்றார் ஏட்டு.

வீடே சிரித்தது. அப்பாகூடச் சிரித்தார். "பொறந்ததே அந்தக் கடைக்குப் பின்னாலதான் சார்" என்று மாமா கெஞ்சி, ஆதார் அட்டையைக் காட்டி, ஒருவழியாகக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போனாள். பதினொன்றே காலுக்கு மெசேஜ் வந்தது. பிரவுசிங் சென்டரில் அச்செடுத்து, பஸ் பிடித்துக் கம்பெனி கேட்டுக்குப் போனேன்.

"யாரப் பாக்கணும்?" என்றார் செக்யூரிட்டி.

"செந்தாமரை. நாகப்பன் பொண்ணு."

"அப்படி யாராச்சும் இங்க கீறாங்களா?" என்று அவர் நோட்டைப் புரட்டினார்.

"இருக்காங்க சார்" என்றேன். "மூணாவது லைன்ல இருக்காங்க. கூப்பிடுங்க."

அக்கா தலையில் வலைத் தொப்பியோடு ஓடி வந்தாள். தாளை நின்றபடியே இரண்டு முறை படித்தாள். உள்ளே போய்க் கால் மணி நேரத்தில் திரும்பி வந்தாள். "வாங்கிக்கினாங்க" என்றாள். "நாளைக்கு லீவு. மத்தியானம் வரைக்கும் தூங்கப்போறேன், எழுப்பினா கொன்னுடுவேன்."

நான் தெருவுக்குத் திரும்பியபோது சரோஜா அத்தை கடையை விட்டு இறங்கி வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். சூடாக ஒரு இட்லியைத் தட்டில் வைத்து நீட்டினார்.

அப்போது ஹெல்மெட் போட்ட ஒரு கொரியர்காரர் வண்டியை நிறுத்தினார். "அக்கா, இங்க காசிராஜன்னு..."

அத்தை அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

"டயர் ஆர்டர் பண்ணியிருக்காரு. பார்சல்."

அத்தை பார்சலை வாங்கித் திருப்பிப் பார்த்து, அதிலிருந்த பேரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அதன் பிறகு எதிரிலிருந்த கடையைக் காட்டினார்.